மருதாசலம் பேரில் ஒரு வரி

சித்த அக்கட்டால நகருங்கம்மிணி, பையைக் கால்கிட்ட வெச்சுக்கறேன். நான் சிங்காநல்லூர் வரைக்கும். நீங்க? சூலூருங்களா. அப்பச் சரி, பேச்சுத் துணைக்கு ஆச்சு. லேப்டாப் பையெல்லாம் வெச்சிருக்கீங்க, கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ளையாட்டத் தெரியுது. உங்களை ஒண்ணு கேக்கட்டுங்களா? ஒரு பொம்பளை, முப்பது வருசமா ஒரே கம்பெனியில வேலை பாக்கறவ, வெறும் ஆறு நம்பரை வாங்கிட்டுப் போறதுக்காகக் கோயமுத்தூர்ல இருந்து தாராபுரம் வந்தான்னா நம்புவீங்களா?

ஓடிபிதானுங்க. ஃபோன்ல சொன்னா ஒரு நிமிசம். ஆனா அது வர்றது மருதுன்னு முன்ன எங்ககிட்ட வேலை பாத்தவன் ஃபோனுக்கு, அவன் இப்ப எங்க கம்பெனி நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டேங்கறான். ஒரு வாரமா எங்க சின்னவர், சின்ன முதலாளி, கூப்பிட்டுக் கூப்பிட்டு, அப்புறமு, "மணியக்கா, நீங்க நேர்லயே போயிட்டு வந்துருங்க, நீங்க சொன்னாக் கேப்பான்"னு அனுப்பிட்டார். நான் சொன்னாக் கேப்பானாம். நல்லா இருக்குதுங்களா கதை.

முதல்ல இருந்து சொல்றேன். அரைகுறையாச் சொன்னா என்னைத்தான் தப்பா நெனப்பீங்க.

கணபதிப் பக்கம் எங்க பம்புக் கம்பெனி. என்ற பேரு வசந்தாமணி. டிசைன் ரூமுக்கு நான்தான் இன்சார்ஜ். பெரிய முதலாளி இருக்கறப்ப ட்ரேசரா சேர்ந்தவ. அப்பவெல்லாம் ட்ரேசிங் பேப்பருங்க. கோடு தப்பாப் போச்சுன்னா பிளேடு வெச்சு மையைச் சுரண்டோணும். யாரு சுரண்டுனாலும் வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனா அந்த இடம் தெரியும். நான் சுரண்டுனாத் தெரியாது. அப்படி ஒரு கை எனக்கு. பெரிய முதலாளியே சொல்லுவார், வசந்தாமணி வரைஞ்சா தப்பே இல்லைன்னு.

எட்டு வருசத்துக்கு முன்னால சின்னவர், அவர் பையன் நவநீதன் சார், புது சாஃப்ட்வேர் ஒண்ணு வாங்கினார். கம்ப்யூட்டர்ல பம்பை முழுசா உருட்டி உருட்டி வரையறது. படம் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்காதாம், கிளவுடுல இருக்குமாம். ஆளுக்கு ஒரு கணக்கு வாங்கோணும். நாங்க ரூம்ல நாலு பேரு. எங்காளு வாங்குனது ஒரே கணக்கு. மூலையில ஒரு பெரிய கம்ப்யூட்டரை வெச்சு, "மாத்தி மாத்தி உக்காந்துக்கங்க"ன்னுட்டார். முதலாளிமாருக்குப் பம்பு விக்கத் தெரியும், நாலு பேருக்கு நாலு கணக்கு வாங்கத் தெரியாது.

அந்தக் கணக்கைத் திறக்க ஒரு மெயில் வேணுமின்னாங்க. அன்னிக்குன்னு பாத்து கம்பெனி மெயில் படுத்துக்கிச்சு. எங்க நாலு பேர்ல ஒருத்தன், மருதாசலம்தான், "என்ற மெயிலைப் போட்டுக்கங்க சார்"னு குடுத்தான். ஃபோன் நம்பரும் அவன்து. "அப்புறமா மாத்திக்கலாம்"னார் சின்னவர். அந்த அப்புறம் எட்டு வருசமா வல்லே. அதனால அந்த மூலையில யாரு போய் உக்காந்து என்ன பண்ணினாலும், சாஃப்ட்வேருக்கு அது மருதாசலம்தான். நான் உக்காந்தாலும் மருதாசலம்தான்.

அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு கெட்ட குணம் இருக்குதுங்க. யாரு எதைத் தொட்டாலும் எழுதி வெச்சுக்கும். பக்கத்துல ஒரு பட்டியல் ஓடிக்கிட்டே இருக்கும். இன்ன தேதி, இன்ன மணி, இன்னார் இதை மாத்தினார். வெர்ஷன் ஹிஸ்டரிம்பாங்க. உங்களுக்குத் தெரியுமில்ல. வேணுமின்னா போன மாசம் எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பிக்கலாம். திருப்புனா, திருப்புனதையும் எழுதி வெச்சுக்கும். என்ற மாமியாளுக்குக்கூட அவ்வளவு ஞாபக சக்தி கெடையாது.

மருதுக்கு அந்தப் பட்டியல் மேல அப்படி ஒரு ஆசை. மத்தவிய வரைஞ்சமா போனமான்னு இருப்பாங்க. இவன் ஒரு வேலை முடிச்சான்னா அந்த வரிக்கு ஒரு பேரு வெப்பான், தமிழ்ல. "பார்ட்டி கேட்ட மாதிரி மூக்கை நீட்டியாச்சு." "இது தேறாது, இருந்தாலும் இருக்கட்டும்." "மணியக்கா சொன்னதுதான் சரி." ஆமாங்க, அப்படியும் ஒண்ணு எழுதியிருந்தான். நான் பாத்துட்டு, எதுக்குடா இதெல்லாம்னேன். "பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியட்டுமேக்கா"ன்னான். சின்ன வயசுதான், முப்பத்தஞ்சு இருக்கும். வாய் பேசமாட்டான், வேலை பேசும்.

அவனுக்கு ஒரே பொண்ணு, ஹர்ஷிதா. பொறந்ததுல இருந்து காது கேக்காது. நாலு வயசுலதான் காது மெசினுக்கு எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு அலையோ அலைன்னு அலைஞ்சான். எங்க கம்பெனியில பெர்மிசன் நோட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க. ஒரு மணி நேரம் வெளிய போனா அதுல எழுதோணும். மூணு எழுதுனா அரை நாள் லீவுல புடிச்சுக்குவாங்க. அந்த மாசம் அவன் ஏற்கனவே ரெண்டு எழுதிட்டான். ஆடி கடைசி வியாழக்கிழமை, மத்தியானம் மூணு மணிக்கு எங்கிட்ட வந்து, "அக்கா, இன்னிக்குத்தான் மெசின் மாட்டறாங்க, நான் பக்கத்துல இருந்தாத் தேவலை"ன்னு நின்னான். நான் சொன்னேன், "நோட்டுல எழுத வேண்டாம், நீ பாட்டுக்குப் போ, யாராச்சும் கேட்டா நான் பாத்துக்கறேன்." மனசார சொன்னனுங்க. இப்ப நெனச்சாலும் அது நான் செஞ்ச நல்ல காரியந்தான். நல்லதுக்குக் காலமில்லை, அவ்வளவுதான்.

போறதுக்கு முன்னால கென்யா பார்ட்டியோட பம்பை முடிச்சு வெச்சிருந்தான். பம்பு வாயில பைப்பு மாட்டற இடம் இருக்குதில்லங்க, வட்டமா, ஓட்டை ஓட்டையா? பிளேஞ்சும்பாங்க. அந்த ஓட்டைகளை அவிய ஊருப் பைப்புக்குத் தக்கன அஞ்சு மில்லி தள்ளிப் போடோணும். மூணு நாளா உக்காந்து தள்ளியிருந்தான். "முடிஞ்சுதுங்கக்கா, காலையில வந்து பிரிண்ட் எடுத்துக் குடுத்தர்றேன்"னு சொல்லிட்டுத்தான் கெளம்பினான்.

அவன் போயி ஒரு மணி நேரம் இருக்கும், வார்ப்படம் ஊத்தற ஃபவுண்டரியில இருந்து ஃபோன். அந்தக் கென்யா பம்பை எந்தப் பழைய மாடல்ல இருந்து மாத்துனமோ, அதுல பம்பு செவுரு எத்தனை கனம்னு கேக்கறாங்க. மத்த ரெண்டு பேரும் டீக்குப் போயிட்டாங்க. நானே போய் மூலையில உக்காந்தேன். பட்டியல்ல போன மாசத்து வரியைத் தொட்டேன். என்னமோ ஒரு பட்டன் வந்துச்சு, திருப்பறதான்னு கேட்டுச்சு. திருப்புன்னு அமுத்தினேன். பழைய பம்பு வந்துச்சு. கனத்தைப் பாத்துச் சொல்லிட்டு மூடிட்டேன்.

அவ்வளவுதானுங்க நான் பண்ணினது. பாத்தேன், மூடினேன். ஒரு கோடு வரைஞ்சனா? ஒரு நம்பர் போட்டனா? பழைய ட்ரேசிங்கை அலமாரியில இருந்து எடுத்துப் பாத்துட்டு உள்ள வெக்கிறதில்லையா, அது மாதிரித்தான். அதுவுமில்லாம நான் சேவ் பண்ணலை. எனக்குத் தெரிஞ்ச கம்ப்யூட்டர்ல எல்லாம் சேவ் பண்ணாம மூடினா, என்ன பண்ணியிருந்தாலும் பண்ணாத மாதிரிதான். அந்த சாஃப்ட்வேர்ல சேவ் பட்டனே கெடையாதுங்க. தொட்டாத் தொட்டதுதான், அதுவா வெச்சுக்கும். அஞ்சு வருசம் அதுல குப்பை கொட்டியிருக்கேன், எனக்கு அது அன்னிக்கு வரைக்கும் தெரியாது. மத்தவங்க வரைவாங்க, நான் பாத்துக் கையெழுத்துப் போடுவேன், அதனால தெரியலை. தெரிஞ்சிருந்தாத் தொடுவனா?

மறுநாள் மருது மைசூர்பாகோட வந்தான். அவன் மூஞ்சியை நீங்க பாத்திருக்கோணும். மெசினை மாட்டிட்டு டாக்டரம்மா கிலுகிலுப்பையை ஆட்டினாங்களாம், புள்ளை ஒண்ணும் கண்டுக்கலையாம். இவனுக்கு மனசே உட்டுப்போச்சு. வெளிய பஸ் ஸ்டாப்புல நிக்கறப்ப, புள்ளை கையில இருந்த பிளாஸ்டிக் கவரு சரசரன்னு சத்தம் போட்டிருக்கு. புள்ளை அப்படியே நின்னுட்டாளாம். அப்புறம் அந்தக் கவரைக் கசக்கறது, காதுகிட்டக் கொண்டு போறது, திரும்பக் கசக்கறது. வீடு வர்ற வரைக்கும் அதேதானாம். சொல்றப்பவே அழுதுட்டான். நானும் அழுதேன். மைசூர்பாகு ரெண்டு துண்டு தின்னேன், சர்க்கரை இருக்கறவ நான்.

அந்த சந்தோசத்துலயே பிரிண்ட் எடுத்தான். அஞ்சு மில்லிங்கறது கண்ணுக்குத் தெரியாதுங்க. முடிச்சு வெச்சதுதானேன்னு அவனும் பாக்கலை. நானும் "செக்டு பை", சரிபாத்தவருங்கற கட்டத்துல கையெழுத்துப் போட்டேன். ஒரு நாளைக்கு நாப்பது கையெழுத்துப் போடறேன், ஒவ்வொண்ணையும் ஸ்கேல் வெச்சா அளந்துக்கிட்டு இருக்க முடியும்?

நாலு மாசம் கழிச்சு கென்யாவுல இருந்து ஃபோட்டோ வந்துச்சு. அத்தனை பம்பும் கப்பல்ல போயி எறங்கி, ஒண்ணுலகூடப் பைப்பு சேரலை. போல்ட்டு அங்க, ஓட்டை இங்க.

சின்னவர் ரூமுக்கு எங்களைக் கூப்பிட்டார். பெரிய டிவியில அந்தப் பட்டியலைப் போட்டார். மேல இருந்து எறக்கிக்கிட்டே வந்து ஒரு வரியில நிறுத்தினார். வியாழக்கிழமை, நாலு பன்னெண்டு, பழைய வெர்ஷனுக்குத் திருப்பப்பட்டது, மருதாசலம். மருது அந்த வரியையே பாத்துக்கிட்டு நின்னான். "சார், இது நான் இல்லைங்க"ன்னான். "உன்ற பேருதானே இருக்குது"ன்னார். "பேரு எல்லாத்துக்கும் என்றதுதானுங்க சார். அன்னிக்கு நான் மூணு மணிக்கே பாப்பாவுக்கு மெசின் மாட்டப் போயிட்டேன். மணியக்காகிட்டக் கேட்டுட்டுத்தான் போனேன்." சின்னவர் பெர்மிசன் நோட்டைக் கொண்டாரச் சொன்னார். அதுல ஏது? நான்தான் எழுத வேண்டாம்னுட்டனே. அப்புறம் எம்பக்கம் திரும்பி, "ஏனுங்கக்கா, அன்னிக்கு இவன் போனானா?"ன்னார்.

எனக்கு ஞாபகமில்லீங்க சார்னு சொன்னேன்.

அப்படிப் பாக்காதீங்கம்மிணி. நாலு மாசமாச்சு. நாலு மாசத்துக்கு முந்தி ஒரு வியாழக்கிழமை யாரு எங்க போனாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குமா? அந்த நிமிசத்துல எனக்கு வல்லே. மருது மெதுவாச் சொன்னான், "மறுநாள் மைசூர்பாகு குடுத்தனேக்கா." "நீ எப்பவும்தான் எதையாச்சும் கொண்டாருவே"ன்னேன். அவன் என்னைப் பாத்தான். கோவமாப் பாக்கலைங்க. நான் ஞாபகப்படுத்திக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கற மாதிரிப் பாத்தான். அதுதான் இன்னிக்கும் என்னைத் தின்னுக்கிட்டு இருக்குது.

சின்னவர் சொன்னார், "தப்புப் பண்ணினதைக்கூட மன்னிச்சிருவேன் மருது. மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றியே."

நான் ஏன் பேசலைன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலை, நானே கேட்டுக்கறேன். அந்த வருசம் பூரா சின்னவர், "மணியக்காவுக்கு இந்த சாஃப்ட்வேர் வராது"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தார். நான்தான்னு தெரிஞ்சா, வயசாயிருச்சு, வீட்டுல உக்காருங்கக்காம்பாங்க. வீட்டுல யாரு இருக்கறா? என்ற வீட்டுக்காரர் போயிப் பத்து வருசம். அந்த ரூமை உட்டா எனக்குன்னு ஒரு நாற்காலி எங்க இருக்குது. மருதுக்கு வயசு இருக்குது, கையில தொழில் இருக்குது, எங்க போனாலும் பொழைச்சுக்குவான்னு நெனச்சேன். நெனச்சது தப்புங்களா?

மறுநாள் அவன் வந்திருந்தா நான் சின்னவர்கிட்டப் பேசியிருப்பேன். சத்தியமாப் பேசியிருப்பேன். அவன் வல்லே. லெட்டரைக் குடுத்தனுப்பிட்டான். சரி, திங்கக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன், சின்னவர் டெல்லி போயிட்டார். வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன், வந்தவுடனே கண்காட்சி வேலை. அப்படியே தள்ளிப் போச்சு. மூணு வருசம்.

கோயமுத்தூர்ல பம்புக்காரங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் மாமன் மச்சானுங்க. ஒரு கம்பெனியில வேலை கேட்டா, பழைய கம்பெனிக்கு ஃபோன் போட்டு ஆளு எப்படின்னு கேப்பாங்க. சின்னவர் நல்லவர், "நல்ல வேலைக்காரன்"னுதான் சொல்லுவாராம். அப்புறம், "ஆனா பொய் சொல்லுவான்"னு ஒரு வார்த்தை சேத்துக்குவாராம். அது போதுமில்லங்க? ஏழெட்டு இடம் ஏறி எறங்கிட்டு, பொண்டாட்டி ஊரு தாராபுரத்துக்கே வந்துட்டான். மச்சினனோட பட்டறையில வீட்டு கேட்டு, ஜன்னல் கிரில்லு வெல்டிங் வெக்கறானுங்க.

இத்தனைக்கும் இந்த மூணு வருசத்துல அஞ்சாறு வாட்டி எங்களுக்கு ஓடிபி குடுத்திருக்கானுங்க. சாஃப்ட்வேர் அப்பப்ப, நீதானா மருதாசலம்னு கேக்கும். அவன் ஃபோனுக்கு நம்பர் போகும். ரூம்ல இருந்து யாராச்சும் கூப்பிட்டாப் போதும், மறுபேச்சில்லாம ஆறு நம்பரைச் சொல்லிட்டு வெச்சிருவான். போன வாரம் அந்தப் பெரிய கம்ப்யூட்டர் செத்துப் போச்சு. புதுசுல திறந்தா நம்பர் கேக்குது, இவன் எடுக்கலை. எட்டு வருசப் படமும் உள்ள மாட்டிக்கிச்சு. ஃபவுண்டரி நிக்குது, அசெம்பிளி நிக்குது. சின்னவர் அப்பத்தான், "எட்டு வருசத்தையும் அவன் பேருலயா வெச்சிருந்தோம்"னு தலையில கை வெச்சார்.

அதனால காலையில வந்தேன். பட்டறை பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்கற தூரந்தான். மருது சிமெண்டுத் தரையில சாக்பீஸ்ல ஒரு கேட்டை முழு அளவுக்கு வரைஞ்சுக்கிட்டு இருந்தான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சான். தாடியெல்லாம் நரைச்சுப் போச்சுங்க. "வாங்கக்கா"ன்னான்.  திட்டுவான், முறைப்பான்னு நான் என்னென்னமோ பதில் தயார் பண்ணி வெச்சிருந்தேன்.

வீடு பின்னாலயே. காப்பி குடிக்கக் கூட்டிட்டுப் போனான். அங்க அந்தப் புள்ளை. ஏழு வயசு. ரெண்டு காதுலயும் மெசின், ரோஸ் கலர்ல. "யாருப்பா?"ன்னு கேட்டுச்சு. "மணியக்கா"ன்னான். அந்தப் புள்ளை மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சுங்க. "நீங்கதானா? எனக்கு முதல்ல மெசின் மாட்டறப்ப அப்பாவை நோட்டுல எழுதாம உட்டவங்க நீங்கதானா? நீங்க உடலைன்னா அப்பா எங்கூட இருந்திருக்க மாட்டாங்களாம். கவரு கதை அப்பாவுக்குத் தெரிஞ்சே இருக்காதாம்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். புள்ளைகிட்ட இதையெல்லாம் எதுக்குச் சொல்லி வளத்தறான்? என்னைக் குத்திக் காட்டத்தானேன்னு தோணுச்சு. அவன் மூஞ்சியைப் பாத்தேன். குத்திக் காட்டற மூஞ்சியா இல்லை. அவன் அந்தக் கதையை நல்ல கதையாத்தான் வெச்சிருக்கான். என்னையும் அதுல நல்லவளாத்தான் வெச்சிருக்கான். காப்பியைக் கீழ வெச்சுட்டனுங்க.

விசயத்தைச் சொன்னேன். கேட்டுட்டுச் சொன்னான், "நம்பர் தர்றனுங்கக்கா. மெயிலையும் மாத்திக்கச் சொல்லுங்க, எனக்கும் அது வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணுங்க. அந்த நாலு பன்னெண்டு வரி இருக்குதில்ல, அதுக்குப் பக்கத்துல ஒரு குறிப்பு எழுதலாம். 'இந்த நேரம் மருதாசலம் சீட்டில் இல்லை'ன்னு மட்டும் எழுதிருங்க. யாருன்னு எழுத வேண்டாம். தப்புப் பண்ணினவன்னு இருந்தாக்கூடப் போகட்டும். பொய் சொன்னவன்னு இருக்குது பாருங்க, இவ பெரியவளாகி நாளைக்கு யாராச்சும் சொல்லிக் கேட்டா…" சொல்லிக்கிட்டே புள்ளை காது மெசினைச் சரி பண்ணி உட்டான்.

பாருங்க, அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. முதல் நாள்ல இருந்தே தெரிஞ்சிருக்குது. யாருன்னு எழுத வேண்டாங்கறான்.

எழுதறேன் மருதுன்னேன். கையைப் புடிச்சுச் சொன்னேன். அவன் ஃபோனை எடுத்தான், நம்பர் வந்துச்சு, நான் சின்னவருக்குப் போட்டுச் சொன்னேன். திறந்துக்கிச்சு. அவ்வளவுதான் வந்த வேலை.

எழுதுவனுங்க, எழுதாம என்ன. நாளைக்கு வெள்ளிக்கிழமை, அமாவாசை வேற. சனிக்கிழமை ஸ்டாக் எடுக்கறாங்க. திங்கக்கிழமை காலையில முதல் வேலையா உக்காந்து எழுதிருவேன். அந்த வரியை யாரு போய்ப் பாக்கப் போறாங்க, சொல்லுங்க? ஆனாலும் ஒரு மனுசன் கேட்டுட்டான்.

பல்லடம் வந்துருச்சாட்ட இருக்குது. இருங்க, ஃபோன் அடிக்குது. சின்னவர்தான்.

ஹலோ… சொல்லுங்க சார். பஸ்லதானுங்க, பல்லடத்துல நிக்குது… அப்படிங்களா. சந்தோசங்க… என்ற பேருங்களா? எதுக்குங்க சார் என்ற பேரு… செரிங்க… எல்லாத்துலயுமா? பழசுலயுமா… சார், ஒரு நிமிசம். அதுல ஒரே ஒரு வரி மட்டும் பழைய பேருலயே இருக்கட்டுங்களா… எந்த வரியா… ஒண்ணுமில்லீங்க சார். சும்மாக் கேட்டேன். வெச்சர்றனுங்க.

கணக்கை மாத்திட்டாராம். மெயில் கம்பெனி மெயிலு, பேரு என்ற பேரு. டிசைன் ரூம் இன்சார்ஜ் நான்தானே, அதனால வசந்தாமணின்னு போட்டுட்டாராம். போட்டதும் மேல இருந்து கீழ வரைக்கும் எல்லா வரியிலயும் மருதாசலம் போயி வசந்தாமணி வந்துருச்சாம். "ஒரே கிளிக்கு அக்கா, எட்டு வருசமும் கிளீன்"னு சிரிக்கறார். குறிப்பெல்லாமும் எடுத்துட்டாராம். வெளியூர் பார்ட்டிக்குக் காட்டறப்பத் தமிழ்ல என்னென்னமோ எழுதியிருக்குன்னு சங்கடமா இருக்குதாம்.

அப்ப நாலு பன்னெண்டுலயும் என்ற பேருதான் இருக்குது. ஆனா அதைப் பாத்து யாரும் என்னை ஒண்ணும் கேக்கப் போறதில்லை, எல்லாமே என்ற பேருதானே. கேக்கறதுக்கு ஆளே இல்லாம போச்சு. சந்தோசப்படோணுமில்லங்க நான்? எட்டு வருசம் அவன் வரைஞ்சதெல்லாம் நான் வரைஞ்சதாயிருச்சு. அவன் ஒரு வரி கேட்டான். இப்ப அவன் பேரு இருந்த ஒரே இடத்துலயும் இல்லை. நான் போய் நம்பரை வாங்கிக் குடுத்து, என்ற கையாலயே.

ஒரே வரி பழைய பேருல இருக்கட்டுமான்னு கேட்டனே, எதுக்குக் கேட்டேன்னு தெரியுமா உங்களுக்கு? அவனுக்காகக் கேட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. அந்த நாலு பன்னெண்டை மட்டும் அவன் பேருலயே உட்டர்லாம்னு கேட்டனுங்க. வாய் தானா கேட்டுருச்சு. எந்த வரின்னு சொல்லியிருந்தா மாட்டிக்குவேன், அதனால நிறுத்திட்டேன். இப்படி ஒரு பொம்பளையாங்க நான்.

என்னமோ சத்தம் வந்துச்சு. வாட்ஸ்அப்பா? மருதுவா? கண்ணாடி பையடியில கெடக்குதுங்க, சித்த படிச்சுச் சொல்லுங்க.

"அக்கா, கணக்குல பேரு மாத்தியாச்சுன்னு எனக்கு மெயில் வந்துச்சு. யாருன்னு எழுத வேண்டாம்னுதான் சொன்னேன். நீங்க உங்க பேரையே போட்டு மொத்தத்தையும் ஏத்துக்கிட்டீங்க. இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும். ஹர்ஷிதாகிட்டச் சொன்னேன். ரொம்ப நன்றிக்கா."

இன்னொருக்காப் படிங்க.

போதும். போதுமுங்க.

நான் போட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். இல்லை மருதுன்னு இப்பவே கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னா அந்தப் புள்ளைகிட்ட அவன் என்னன்னு சொல்லுவான்? இன்னிக்குத்தான் மூணு வருசத்துல முதல் தடவையா அவனுக்கு நெஞ்சு ஆறியிருக்கு. அதை நான் எப்படிக் கெடுக்கறது? பாருங்க, அப்பவும் இப்படித்தான் எதையோ ஒரு காரணத்தைப் புடிச்சுக்கிட்டேன்.  பதில் போடாம இருந்தாலும் ஒரு மாதிரி நெனப்பான். கண்ணாடியில்லாம எனக்கு ஆகாது, நீங்களே போடுங்க. என்ன போடறது… "பரவால்ல மருது"ன்னு போடுங்க. அவ்வளவு போதும்.

போயிருச்சா.

வெளிய சூலூர் லைட்டு தெரியுது, நீங்க எறங்கோணுமில்ல. ஒரு நிமிசம், எந்திரிக்காதீங்க. அவன் பாத்துட்டானா? இன்னும் அந்த ரெண்டு டிக்கு நீலமாகலையா? அப்ப அதை எடுத்துருங்கம்மிணி. அவன் பாக்கறதுக்குள்ள எடுத்துருங்க. அழிக்கலாமில்ல, அவன் ஃபோன்ல இருந்தும் போயிருமில்ல?

அழிச்சா, நான் அழிச்சேன்னு அங்க எழுதியிருக்குமா?

அப்ப வேண்டாங்க. இருக்கட்டும்.